பதினைந்தில் திருப்பிய குழாய்

கெனத் இன்னஸ் ஐலா தீவுக்குக் குடிவந்ததற்கு அவன் மனைவி மோராக்தான் காரணம். அவளுடைய அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார். பார்த்துக்கொள்ள வேறு நாதியில்லை. "ஸ்பே ஆத்தோரமா நீ காய்ச்சுறதும் விஸ்கி, எங்க தீவுல காய்ச்சுறதும் விஸ்கி. பேசாம கெளம்பு" என்றாள். 1961 அக்டோபரில், கப்பலில் வழியெல்லாம் வாந்தி எடுத்து வந்து இறங்கி, மறுநாளே கில்வோரன் ஆலையில் சரக்கை வடித்தெடுக்கும் வாலைக்காரனாகச் சேர்ந்தான். அப்போது அவனுக்கு முப்பத்துமூன்று வயது. பதினாறு வருட அனுபவம்.

இரண்டும் விஸ்கிதான் என்று மோராக் சொன்னது எவ்வளவு தப்பு என்பது முதல் நாளே தெரிந்துபோயிற்று. செம்பு வாலையிலிருந்து ஆவி குளிர்ந்து விழத் தொடங்கியதும் அவன் ஊரில் வாலை வீடு முழுக்கப் பேரிக்காய் அரிந்து வைத்த மாதிரி மணக்கும். இங்கே தார், அயோடின், தண்ணீர் ஊற்றி அணைத்த அடுப்பு என்று ஓர் ஆஸ்பத்திரி நெடி மூக்கில் ஏறியது.

"என்ன ஸ்பேக்காரரே, மூஞ்சி கோணுது?" என்று வாசலில் நின்று சிரித்தார் சூளைக்காரர் டூகல் மெக்காஃபர். ஐம்பத்துநாலு வயது. புருவமெல்லாம் புகையேறிப் பழுப்பாகிப்போன மனிதர். "அந்த நாத்தம் என்னுது. நான் போட்ட புகை அது."

சொன்னது உண்மைதான். வாற்கோதுமையை இரண்டு நாள் ஊறவைத்து, கல்தரையில் பரப்பி, ஒரு வாரம் புரட்டிப் புரட்டி முளைகட்ட வைப்பார்கள். பிறகு அது சூளையின் சல்லடைத் தளத்துக்கு ஏறும். கீழே டூகல் பீட் கட்டிகளை எரிப்பார். சதுப்பு நிலத்திலிருந்து செங்கல் மாதிரி வெட்டிக் காயவைத்த அந்தக் கட்டிகள் எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். முளைத் தானியம் ஈரமாக இருக்கும்வரைதான் புகை அதில் ஒட்டும், காய்ந்த பிறகு எவ்வளவு புகைத்தாலும் வீண். அந்தப் பதம் டூகலின் மூக்கில் இருந்தது. இருபத்திரண்டு வருடமாக அந்தச் சூளையில் வேறொருவர் தீ மூட்டியதில்லை.

தினமும் மூன்று வேளை ஆட்களை வரிசையில் நிறுத்தி ஆளுக்கொரு கோப்பை விஸ்கி ஊற்றிக் கொடுப்பது ஆலையின் வழக்கம். அந்த நேரத்தில்தான் கிண்டலெல்லாம்.

"தாழ்நாட்டுக்காரன் மூணு தடவ காய்ச்சுறானாம். புல்லு வாசன வர்ற வரைக்கும் விடமாட்டானாம்."

"கேம்பல்டவுன்காரன் சரக்கு படகு எஞ்சினுக்கு ஊத்துறதுய்யா. எண்ணெயும் உப்பும்."

"நம்ம கெனத் ஊர்ச் சரக்கு? பச்சப்புள்ளைக்குப் பல்லு மொளைக்கிறப்ப தடவலாம். அழாது."

கெனத்தும் சிரிப்பான். உள்ளுக்குள் மட்டும் சுருக்கென்று இருக்கும்.

அவன் குடியிருந்த வீட்டில் எரிக்க ஒரு துண்டு பீட் இல்லை என்று கேள்விப்பட்ட டூகல், முதல் ஞாயிற்றுக்கிழமை கழிந்த மறுநாளே ஒரு வண்டி நிறையக் கொண்டுவந்து கொட்டினார். காசு பேச்செடுத்ததற்கு, "அடுப்பு குளுந்துபோன வீட்டுல பொண்டாட்டி தங்கமாட்டாய்யா. எடுத்து உள்ள வை" என்றார். அவர் மனைவி எஃபி ஒரு பாத்திரத்தில் உப்பிட்ட ஹெர்ரிங் மீன் அனுப்பியிருந்தாள்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் கெனத் அந்தக் காரியத்தைச் செய்தான்.

வாலையில் முதலில் இறங்குவது காரமான முதல் வடி, அது ஆகாது. அடுத்து வருவது நடு வடி, பீப்பாய்க்குப் போவது அதுதான். கடைசியில் வருவது கனத்த கடை வடி. அதைத் திரும்பவும் வாலைக்கே அனுப்பிவிடுவார்கள். கலால் அதிகாரி பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் இதெல்லாம் ஓடும். உள்ளே ஒரு மிதவை ஆடிக்கொண்டிருக்கும். சரக்கின் வீரியம் இறங்க இறங்க அது காட்டும் எண்ணும் இறங்கும். எந்த எண்ணில் குழாயை நடுவிலிருந்து கடைக்குத் திருப்புவது என்பதில் ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. ஸ்பேயில் கெனத் பதினாறில் திருப்பிவிடுவான். இங்கே மேனேஜர் லாரிமர் அவன் சேர்ந்த அன்றே சொன்னார்: "ஏழு வரைக்கும் விடணும். பழைய ஆள் முப்பது வருஷமா அப்படித்தான் எடுத்தாரு."

இரண்டு வாரம் ஏழு வரை விட்டான். பன்னிரண்டுக்குக் கீழே வரும் அந்த நனைந்த சாம்பல் வாடை வரும்போதெல்லாம் நல்ல பாலில் கழுநீரை ஊற்றுகிற மாதிரி இருந்தது. அவனுடைய பழைய எஜமான் அதற்கு 'அழுக்கு' என்றுதான் பெயர் வைத்திருந்தார். ஒருநாள் பத்தில் திருப்பிப் பார்த்தான். யாரும் கேட்கவில்லை. நவம்பர் கடைசியில் பன்னிரண்டு, பிறகு பதினைந்து. ஒதுக்கிய கடை வடி அடுத்த காய்ச்சலில் சேர்ந்துவிடுவதால் மொத்தக் கணக்கில் பெரிதாகக் குறையவில்லை. அளவு சரியாக இருந்ததால் கலால் அதிகாரியும் வாயைத் திறக்கவில்லை. தீவுக்காரர்களுக்குச் சுத்தமாகக் காய்ச்சுவது எப்படி என்று காட்டிவிட்டோம் என்று கெனத்துக்கு ஒரு மிதப்பு. அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் சீட்டியடித்துக்கொண்டே வேலை பார்த்தான்.

மார்ச் மாதம் கிளாஸ்கோவிலிருந்து கடிதம் வந்தது. கில்வோரன் சரக்கை வாங்கி, பீப்பாயில் முதிர்ந்த பிறகு பல ஊர் விஸ்கிகளோடு கலந்து விற்பவர்கள், புதுச் சரக்கின் மாதிரியைச் சோதித்துவிட்டு எழுதியது. புகை போய்விட்டது, நூறு பீப்பாய்க்கு உங்கள் சரக்கு இரண்டு சேர்த்தால் முன்பெல்லாம் தெரியும், இப்போது ஐந்து சேர்த்தாலும் தெரியவில்லை, என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

லாரிமர் டூகலையும் கெனத்தையும் ஆபீஸுக்குக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு சின்ன பாட்டில். ஒன்று போன வருடத்தது, ஒன்று பிப்ரவரியில் எடுத்தது.

"மோந்து பாருங்க ரெண்டு பேரும்."

டூகல் முதலில் மோந்தார். இரண்டாவது பாட்டிலைத் திரும்பத் திரும்ப மோந்தார். முகம் செத்துவிட்டது. கெனத்திடம் வந்தபோது அவன் அதிக நேரம் மோக்க வேண்டியிருக்கவில்லை. பேரிக்காய். அவனுடைய ஊர், அவனுடைய கை. புகை கடைசியில்தான் இறங்குகிறது, அதைத்தான் நான்கு மாதமாக அழுக்கென்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தோம் என்று அந்த நொடியில் புரிந்தது.

"உன் பக்கம் எதாவது மாத்தினியா கெனத்?" என்று கேட்டார் லாரிமர்.

"இல்ல சார்."

யோசித்துச் சொன்ன பொய்யில்லை. ஆனால் சொன்ன பிறகு யோசிக்க நேரம் இருந்தது, நிறையவே இருந்தது. அவன் மேசையின் விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அவன் மேல சந்தேகப்படாதீங்க சார். ரொம்பக் கவனமான ஆளு. வாலைய விட்டு ஒரு எட்டு நகரமாட்டான்" என்றார் டூகல்.

"அப்ப உங்க சூளைதான் டூகல். டிசம்பர்ல நெஞ்சுச் சளியோடயேதான் வேலைக்கு வந்தீங்க. அதுக்கப்புறம் மூக்கு சரியா இருக்கா?"

"இருக்குன்னுதான் நெனைச்சேன்."

"நெனைச்சீங்க."

அடுத்த திங்கள்கிழமை, டூகலிடம் தொழில் பழகிய நீல் என்பவன் சூளைக்குப் போனான். டூகல் முற்றத்தில் பீப்பாய் உருட்டப் போனார். "ரெண்டு மாசத்துக்குத்தான். காத்தாட இருங்க" என்று லாரிமர் தோளில் தட்டி அனுப்பினார்.

அன்று மத்தியானமே கெனத் குழாயை ஏழில் திருப்பினான். தப்பைச் சரிசெய்துவிட்டால் போதும், சரக்கு சரியானதும் எல்லோரும் மறந்துவிடுவார்கள், டூகல் பழையபடி சூளைக்குப் போய்விடுவார் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டான். அதற்கப்பால் அவன் புத்தி போகவில்லை. போக விடவில்லை என்பதுதான் சரி.

மே மாதம் இரண்டாவது கடிதம் வந்தது. லாரிமர் அதைக் கோப்பை ஊற்றும் நேரத்தில் வெளியே கொண்டுவந்து எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். புகை திரும்பிவிட்டது, பழைய கில்வோரன் கிடைத்துவிட்டது, சந்தோஷம்.

"கையக் குடு நீல்!" என்றார்.

ஆட்கள் நீலின் முதுகில் அறைந்தார்கள். யாரோ ஒருவன், "டூகல், இத்தனை வருஷமா அங்க குளிர்தான் காஞ்சீங்களா?" என்றான். சிரிப்பு. டூகலும் சிரித்தார். சிரித்துவிட்டுக் கோப்பையைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

கெனத்துக்கு அப்போதுதான் உறைத்தது. தான் வாயை மூடிக்கொண்டு சரக்கைச் சரிசெய்ததே டூகலின் தலையில் பழியை ஆணியடித்து இறக்கிவிட்டது. சூளைக்காரர் மாறினார், புகை வந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அப்படியே பதினைந்தில் விட்டிருந்தால்கூட நீல் வந்தும் சரியாகவில்லையே என்று வேறெங்காவது தேடியிருப்பார்கள்.

"அந்தாளு இனி முற்றத்துலயே இருக்கட்டும்" என்று லாரிமர் எழுத்தரிடம் சொன்னது கெனத் காதில் விழுந்தது. மார்ச் வரை நேரில் 'உங்க சூளை' என்றவர், இப்போது பின்னால் 'அந்தாளு' என்கிறார்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. மோராக் இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள், "யாரையாவது கொன்னுட்டு வந்தியா?" என்றாள்.

"வயிறு சரியில்ல."

"வயிறு சரியில்லாதவன் என் முகத்தப் பாத்துச் சொல்லுவான்."

அவன் எழுந்து போய்விட்டான்.

அந்தச் சனிக்கிழமை டூகல் வீட்டுக்கு அடுத்த வருடத்துக்கான பீட் வெட்டும் நாள். கெனத் தானாகவே போய் நின்றான். உதவி என்று சொல்லிக்கொண்டான். டூகல் மேலே நின்று நீளக் கத்தியால் கறுப்புச் சேற்றைக் கட்டி கட்டியாக அறுத்துத் தள்ள, கெனத் கீழே நின்று வாங்கிப் புல்லில் பரப்பினான். ஜூரா மலைகள் வெயிலில் தெளிவாக நின்றன. காற்று இருந்ததால் கொசு இல்லை. இரண்டு மணி நேரம் வேலை நடந்தது.

பிறகு டூகல் ஒரு கட்டியைக் கையில் எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

"கெனத், இது வாசன அடிக்குதா?"

"அடிக்குதே."

"எனக்கும் அடிக்கிற மாதிரிதான் இருக்கு. ஆனா அடிக்குதா, அடிக்கிறதா நானே நெனைச்சுக்கிறேனான்னு தெரியலப்பா. போமோர்ல டாக்டரப் பாத்தேன். கிராம்புத் தைலம் காட்டினாரு, சொன்னேன். சோப்பு காட்டினாரு, சொன்னேன். மூக்கு நல்லாத்தான் இருக்கு, போங்கன்னுட்டாரு. நல்லா இருந்தா எப்படி நாலு மாசம் புகையக் கோட்டை விட்டேன்?" கட்டியைக் கீழே வைத்தார். "இப்பல்லாம் காலைல பாலைக்கூட எஃபிதான் மோந்து பாத்துக் குடுக்கிறா. கெட்டுப் போச்சா இல்லையான்னு எனக்கு நம்பிக்கை வரல."

கெனத் கையில் இருந்த கட்டியைப் புல்லில் வைத்தான்.

"உங்க மூக்கு இல்ல டூகல். நான்தான்."

"என்ன நீதான்?"

"குழாயப் பதினஞ்சுல திருப்பினேன். நவம்பர்லேர்ந்து. கீழ வர்றது எனக்குப் பிடிக்கல. எங்க ஊர்ல அதை விடமாட்டோம். ஆபீஸ்ல பாட்டிலை மோந்தப்பவே தெரிஞ்சுது. உங்கள சூளையிலேர்ந்து எடுத்த அன்னிக்கே ஏழுக்கு மாத்திட்டேன். அதான் புகை வந்துச்சு. நீல் ஒண்ணும் பண்ணல."

டூகல் கத்தியைச் சேற்றில் குத்தி நிறுத்திவிட்டு அதன் பிடிமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். திட்டுவார், அடிப்பார் என்று கெனத் காத்திருந்தான். அடித்தால் தேவலை போலிருந்தது.

"பதினஞ்சா?" என்றார்.

"ஆமா."

"ஆபீஸ்ல என்கூடத்தான நின்ன?"

"ஆமா."

"நீ கவனமான ஆளுன்னு நான் சொன்னேன்."

கெனத் சேற்றுக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"ரெண்டு மாசமா எம்பொண்டாட்டி எனக்குப் பால மோந்து குடுக்குறாடா!" அப்போதுதான் அவர் குரல் உயர்ந்தது. தூரத்தில் வேறொரு வரப்பில் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "பெரிய மனுஷன் மாதிரி இங்க வந்து ரகசியமா எங்காதுல சொல்ற. எனக்கு எதுக்குச் சொல்ற? என்னப் பாத்துச் சிரிச்சானுங்களே, அவனுங்களுக்குச் சொல்லு. போ. இந்த வேலைய நானே பாத்துக்குவேன்."

கெனத் மூன்று மைல் நடந்தே வீட்டுக்கு வந்தான். மோராக்கிடம் அன்று சொன்னான். அவள் கேட்டுவிட்டு அடுப்பில் தீயைக் கிளறினாள். அதில் எரிந்துகொண்டிருந்தது யார் வெட்டிக் கொண்டுவந்த பீட் என்பது இருவருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை காலையில் லாரிமரிடம் போனான். அவர் முழுவதையும் கேட்டார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"டூகலுக்கு. என் மனைவிக்கு."

"அதோட நிறுத்திக்க. கிளாஸ்கோக்காரங்க திருப்தியா இருக்காங்க. இப்ப நான் என்னன்னு எழுதுறது? என் வாலைக்காரன் நாலு மாசம் இஷ்டத்துக்குக் காய்ச்சினான், எனக்கே தெரியலன்னா? உன் வேலையும் போகும், என் வேலையும் போகும். டூகலுக்கு ஒரு வழி பண்றேன். அடுத்த சீசன்ல நீலுக்கு உதவியா மேல அனுப்புறேன். போ, போய் வாலையப் பாரு."

வெளியே வந்தபோது கெனத்துக்கு நெஞ்சிலிருந்த கல்லை எடுத்த மாதிரி இருந்தது. சொல்லவேண்டிய இடத்தில் சொல்லியாகிவிட்டது, அவரே வேண்டாம் என்கிறார், இனி நம் கையில் என்ன இருக்கிறது? வாலை வீட்டின் படியேறும் வரைக்கும் அந்த நிம்மதி இருந்தது. படியிலிருந்து முற்றத்தைப் பார்த்தான். டூகல் காலிப் பீப்பாய் ஒன்றின் வாய்த்துளையில் மூக்கை வைத்து மோந்துகொண்டிருந்தார். யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். மறுபடி மோந்தார். தான் பட்ட நிம்மதியை நினைத்துக் கெனத்துக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

பத்து மணிக் கோப்பைக்குப் பதினான்கு பேரும் வரிசையில் நின்றார்கள். லாரிமர் ஊற்றிக்கொண்டே வந்தார். கெனத்தின் முறை வந்ததும் அவன் கோப்பையை நீட்டவில்லை.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. புகை போனதுக்கு டூகல் காரணமில்ல. நான் குழாயப் பதினஞ்சுல திருப்பினேன். கேட்டப்ப இல்லன்னு பொய் சொன்னேன். அவரு போட்ட புகைய நாலு மாசமா நான்தான் பீப்பாய்க்கு விடல. எல்லாம் என் தப்பு."

லாரிமரின் கையிலிருந்த குவளை சாய்ந்து தரையில் சிந்தியது. டூகலைப் பார்த்துக் கிண்டலடித்தவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். நீல்தான் முதலில் பேசினான்.

"எனக்கு முதல்லேர்ந்தே சந்தேகம்யா. டூகல் சொல்லிக்கொடுத்தபடிதான நான் மூட்டினேன்? கூடவும் இல்ல கொறையவும் இல்ல. அது எப்படி எனக்கு மட்டும் வரும்?" பிறகு கெனத் பக்கம் திரும்பி, "பேரிக்காய்க்குப் பொறந்தவனே!" என்று காறித் துப்பினான்.

டூகல் கோப்பையைக் குடித்து முடித்து, கவிழ்த்து வைத்து, பீப்பாய்ப் பக்கம் போகாமல் நேராகச் சூளைக்கு நடந்தார். லாரிமர் தடுக்கவில்லை.

கெனத்தை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் கிளாஸ்கோவுக்குக் காரணம் எழுத வேண்டுமே. சாறு பிழிந்த தானியச் சக்கையைத் தொட்டியிலிருந்து வாரி, மாட்டுக்காரர்களின் வண்டியில் ஏற்றும் வேலைக்கு மாற்றினார்கள். மோராக்கின் அப்பா அந்தக் கோடையில் இறந்துபோனார். ஸ்பேக்குத் திரும்பிவிடலாமா என்று ஒருநாள் கேட்டான்.

"போலாம். ஓடிப் போறோம்னு நீயே ஒத்துக்கிட்டா போலாம்" என்றாள் மோராக்.

போகவில்லை.

டூகல் மறுபடி சூளையில் இருந்தார். ஆனால் பழைய டூகல் இல்லை. இருபத்திரண்டு வருடமாகத் தன் மூக்கை மட்டும் கேட்டுத் தீ மூட்டியவர், இப்போது ஒவ்வொரு தடவையும் நீலைக் கூப்பிட்டார். "வந்து பாருப்பா. போதுமா? உனக்கு வருதா?" சக்கைத் தொட்டிக்கும் சூளைக்கும் நடுவே ஒரு சுவர்தான். கெனத்துக்கு அது தினமும் கேட்கும். பழியை எடுத்துவிட முடிந்தது, அந்தச் சந்தேகத்தை எடுத்துவிட அவனால் முடியவில்லை. எஃபியைக் கடையில் பார்த்தால் அவள் தலையசைப்பாள், நின்று பேசமாட்டாள்.

இரண்டு வருடம் கழித்து லாரிமர் மாற்றலாகிப் போனார். புது மேனேஜருக்கு வாலைக்கு ஆள் கிடைக்கவில்லை. இருந்த ஆள் தூங்கிவிழுகிறவன். கெனத்தைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவன், "டூகலக் கேளுங்க. அவர் சரின்னா சரி" என்றான்.

டூகல் ஒருநாள் முழுக்க யோசித்தார் என்று நீல் பிற்பாடு சொன்னான். பிறகு ஆபீஸுக்குப் போய், "அவனுக்குத் தெரிஞ்ச வேல அதுதான். குடுங்க. ஆனா திருப்புற நேரத்துக்கு நான் வந்து மிதவையப் பாப்பேன்" என்றிருக்கிறார்.

அப்படியே நடந்தது. ஒவ்வொரு காய்ச்சலிலும் நடு வடி முடிகிற நேரத்துக்கு டூகல் சூளையிலிருந்து இறங்கி முற்றத்தைக் கடந்து வருவார். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் குனிந்து எண்ணைப் பார்ப்பார். கெனத் ஏழில் குழாயைத் திருப்புவான். டூகல் நிமிர்ந்து, வந்த வழியே போய்விடுவார். சில நாள் வானிலையைப் பற்றி ஒரு வார்த்தை. பல நாள் அதுவும் கிடையாது. வேலை பார்க்கிறவனை இப்படி நின்று கண்காணித்தால் வேறு யாருக்கும் ரோஷம் வந்திருக்கும். கெனத்துக்கு வரவில்லை. அந்தக் காலடிச் சத்தம் கேட்டதும் பெட்டிக்கு முன்னால் இடம் விட்டு ஒதுங்கி நிற்பான். டூகல் உடம்பு முடியாமல் படுத்துக்கொண்டு வராத நாட்களிலோ, வரமாட்டார் என்று தெரிந்தும் மிதவை ஒன்பதைத் தொடும்போதே எழுந்து போய் வாசலில் நின்று முற்றத்தைப் பார்த்துவிட்டு வருவான்.